கொசு மருந்துக்குக் கொசு சாகவில்லை: பழ ஈ ஆய்வில் இதற்குப் பதில் உண்டா?

கல்லணைக்காரன் எழுதியது:

எங்கள் தெருவில் புகை மருந்து அடிக்கிறார்கள். வீட்டில் சுருள், லிக்விட், மட்டை எல்லாம் இருக்கிறது. கொசு மட்டும் குறைந்தபாடில்லை. மளிகைக் கடைக்காரர் "கம்பெனிக்காரன் மருந்தைக் குறைச்சுட்டான்" என்கிறார். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் "கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது" என்கிறார். இதற்கிடையில் இந்தத் தளத்தில் வேறோர் இழையில் ஒருவர் "பழ ஈ ஆய்வகத்தில் இதற்கான விடை எப்போதோ வந்துவிட்டது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் அந்தச் சின்ன ஈக்கும் கொசுவுக்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். நான் வரலாறு படித்தவன், அதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

பூச்சிப்பிரிவு_ஓய்வு எழுதியது:

முதலில் எந்தக் கொசு என்று பாருங்கள் சார். ராத்திரி காதருகே ரீங்காரம் போடுவது பெரும்பாலும் சாக்கடைக் கொசு, கியூலெக்ஸ். பகலில் காலைக் கடிக்கிற, உடம்பில் வெள்ளைக் கோடு போட்டது ஏடிஸ், டெங்கு அதனால்தான். மலேரியாவுக்கு அனாபிலிஸ். சென்னையில் அது அனாபிலிஸ் ஸ்டெபன்சி, கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடும். மூன்றுக்கும் ஒரே புகையை அடித்தால் ஒரே பலன் வராது. புகை பறக்கிற கொசுவைத்தான் தொடும். தண்ணீரில் புழு அப்படியே இருக்கும், பத்து நாளில் அடுத்த செட் பறக்க ஆரம்பித்துவிடும். இவ்வளவுக்கும் மரபணு எதுவும் தேவையில்லை.

ஆனால் மருந்து எதிர்ப்பு என்பது உண்மை. மருந்து ஏற்றிய தாளைக் குழாய்க்குள் சுருட்டி வைத்து, கொசுக்களை ஒரு மணி நேரம் உள்ளே விடுவோம். 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் முறை இது. 90 சதவீதத்துக்குக் கீழே செத்தால் எதிர்ப்பு வந்துவிட்டது என்று எழுதவேண்டியதுதான். ஏன் வந்தது என்று அந்தக் குழாய் சொல்லாது.

முனைவர்_அல்ல எழுதியது:

பேராசிரியர் சொன்னதுதான் சரி. தினம் ஒரு துளி விஷம் குடித்தால் கடைசியில் விஷமே ஏறாது என்று கதைகளில் வருமே, அது மாதிரி. இதற்கு எதற்கு ஈ?

ஈக்கூடம் எழுதியது:

// தினம் ஒரு துளி விஷம் //

1950-களில் பூச்சியியலாளர்களிலேயே பலருக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்த சோதனைகளில் ஒன்று ஈயில்தான் நடந்தது. (நான் பேசுவது ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர் பற்றி. மாங்காயைத் துளைக்கிற பழ ஈ வேறு குடும்பம்.)

1960-ல் பென்னட் என்பவர் செய்தது இது. ஈக்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்தார். ஒவ்வொரு குடும்பத்திலும் சில ஈக்களுக்கு மட்டும் டி.டி.டி. கொடுத்தார். எந்தக் குடும்பத்தில் நிறைய ஈக்கள் பிழைத்தனவோ, அந்தக் குடும்பத்தில் மருந்தே படாத உடன்பிறப்புகளை எடுத்து அடுத்த தலைமுறையை வளர்த்தார். பிழைத்த ஈக்களை வளர்க்கவில்லை, அதைக் கவனியுங்கள். அடுத்த தலைமுறையிலும் அதே வேலை. அந்த வம்சத்தில் ஓர் ஈயும் டி.டி.டி.யைத் தொட்டதில்லை. அதன் அம்மா தொட்டதில்லை, பாட்டி தொட்டதில்லை. ஆனாலும் தலைமுறை ஏற ஏற டி.டி.டி.யைத் தாங்கும் திறன் ஏறிக்கொண்டே போனது.

பழக்கத்தால் வருவதாக இருந்தால் இது நடக்க வழியே இல்லை. தாங்கும் மரபணு வகைகள் கூட்டத்தில் ஏற்கனவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. அவை இருக்கும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்ததும் பெருகின. மருந்து செய்வதும் அதே தேர்வைத்தான், இன்னும் கொடூரமாக.

பழ ஈக்கு வெளியேயும் ஒரு சாட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆடுகளின் உடம்பில் முட்டையிட்டுப் புண்ணாக்கும் ஒரு வகை ஈ உண்டு. அருங்காட்சியகத்தில் குண்டூசி குத்தி வைத்திருந்த பழைய ஈக்களின் டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தார்கள். மாலத்தியான் என்ற பூச்சிமருந்து புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு பிடித்த ஈக்களிலேயே மாலத்தியானைத் தாங்கும் வகை இருந்தது. அதே மரபணுவில் டையசினான் என்ற இன்னொரு மருந்தைத் தாங்கும் மாற்றம் மட்டும் அந்தப் பழைய ஈக்களில் கிடைக்கவில்லை. எல்லாமே முன்பிருந்தே காத்திருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. சில மாற்றங்கள் மருந்து வந்த பிறகு தற்செயலாகத் தோன்றி, மருந்து இருந்ததால் பிழைத்துக்கொண்டவை.

வெண்ணிலா_பயோ எழுதியது:

அக்கா, அந்தத் தாங்கும் மரபணு எது? எங்கள் பாடப் புத்தகத்தில் "பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயற்கைத் தேர்வுக்கு எடுத்துக்காட்டு" என்று ஒரு வரி போட்டு முடித்துவிட்டார்கள்.

ஈக்கூடம் எழுதியது:

ஒன்றல்ல, பல. மிகவும் பேர்போனதை முதலில் சொல்கிறேன்.

1971-ல் கனடாவில் டேவிட் சுசுகி குழுவினர் ஒரு விசித்திர ஈயைப் பற்றி எழுதினார்கள். சாதாரண வெப்பத்தில் ஒழுங்காகப் பறக்கும். 29 டிகிரி செல்சியஸில் வைத்தால் அப்படியே முடங்கி விழுந்துவிடும். திரும்பக் குளிர வைத்தால் எழுந்து நடக்கும். அந்த மரபணுவுக்குப் பாரா என்று பெயர். 1989-ல் அதைப் பிரித்தெடுத்துப் படித்தபோது, நரம்புக்குள் சோடியம் அயனிகளை விடும் புரதத்தை உருவாக்குவது அதுதான் என்று தெரிந்தது. இந்தச் சோடியம் கால்வாய் திறந்து உடனே மூடினால்தான் நரம்பில் செய்தி ஒழுங்காக ஓடும். டி.டி.டி.யும் பைரித்ராய்டு மருந்துகளும் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் இதேதான். ஒட்டிக்கொண்டால் கால்வாய் மூடாது, நரம்பு ஓயாமல் துடிக்கும், பூச்சி விழும்.

வீட்டு ஈயில் மருந்து பட்டும் மயங்கி விழாத வகை ஒன்று ரொம்ப நாளாகவே தெரியும், கே.டி.ஆர். என்பார்கள். பாரா மரபணு கையில் இருந்ததால் அதன் இணையை வீட்டு ஈயில் தேடிப் பார்க்க முடிந்தது. புரதத்தின் 1014-ஆவது இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் போய் ஃபினைல்அலனின் வந்திருந்தது. 1998-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் அனாபிலிஸ் காம்பியே கொசுவிலும் அதே இடத்தில் அதே மாற்றம். கென்யாவில் அதே 1014-ல் செரின். பழ ஈயின் வம்சமும் கொசுவின் வம்சமும் பிரிந்து சுமார் 25 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்படியிருந்தும் பூட்டு அதே பூட்டு.

கல்லணைக்காரன் சார், உங்கள் கேள்விக்கு இதில் நேரடியாக ஒரு பதில் இருக்கிறது. சுருள், லிக்விட், மருந்து ஏற்றிய வலை, புகை மருந்தில் ஒரு பகுதி, எல்லாம் பைரித்ராய்டு. இந்தியாவில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953-ல் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள். இரண்டு மருந்தும் ஒரே கால்வாயைத் தாக்குவதால், டி.டி.டி. காலத்தில் தேர்வான மாற்றம் பைரித்ராய்டையும் தாங்கும். புது மருந்து என்று நாம் வாங்கியது கொசுவுக்குப் பாதி பழைய மருந்து.

இதே போல டீல்ட்ரின் என்ற மருந்தைத் தாங்கிய பழ ஈயிலிருந்து ஆர்.டி.எல். மரபணுவைக் கண்டுபிடித்தார் ரிச்சர்ட் ஃப்ரெஞ்ச்-கான்ஸ்டன்ட். அதில் 302-ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் செரின். பிறகு கரப்பான், வண்டு, வெள்ளை ஈ, கொசு என்று தேடிய பல பூச்சிகளில் அந்த அலனின்தான் மாறியிருந்தது. எனக்கு இதில் வியப்பே இதுதான்: பரிணாமத்துக்கு எத்தனையோ வழிகள் இருக்கும் என்று நினைக்கிறோம். உயிரோடும் இருக்கவேண்டும், மருந்தையும் தாங்கவேண்டும் என்றால் வழிகள் விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

வெண்ணிலா_பயோ எழுதியது:

அப்போ டெங்குக் கொசுவிலும் 1014 தானா?

ஈக்கூடம் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி அல்லது தங்கை! அங்கேதான் கதை திரும்புகிறது. ஏடிஸ் ஈஜிப்டியில் 1014-ஆவது இடத்து மாற்றத்துக்குப் பதிலாக 1016, 1534 ஆகிய இடங்களில்தான் மாற்றங்கள் பரவியிருக்கின்றன. ஆசியாவில் 1016-ல் வாலின் போய்க் கிளைசின், 1534-ல் ஃபினைல்அலனின் போய்ச் சிஸ்டீன்.

ஏன் 1014 இல்லை? டி.என்.ஏ. எழுத்துகளைப் பாருங்கள். அனாபிலிஸில் அந்த லூசினை எழுதும் மூன்றெழுத்து டி-டி-ஏ (TTA). கடைசி எழுத்தை மாற்றி டி-டி-டி (TTT, மருந்தின் பெயர் இல்லை) ஆக்கினால் ஃபினைல்அலனின். நடு எழுத்தை மாற்றி டி-சி-ஏ ஆக்கினால் செரின். இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துப் பிழை போதும். ஏடிஸில் அதே லூசினைச் சி-டி-ஏ என்று எழுதியிருக்கிறது. புரதத்துக்கு எந்த வித்தியாசமும் கிடையாது. ஆனால் அங்கிருந்து ஃபினைல்அலனினுக்கோ செரினுக்கோ போக இரண்டு எழுத்துகள் மாறவேண்டும். முதல் எழுத்து மட்டும் மாறினால் ஒரு லாபமும் இல்லை, அதனால் தேர்வு அதைத் தூக்கிவிடாது. எப்போதோ எந்த விளைவும் இல்லாமல் நடந்த ஓர் எழுத்து மாற்றம், கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து எந்தக் கதவு திறக்கும் என்று முடிவு செய்கிறது. நான்கு முறை படித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம்.

வெண்ணிலா_பயோ எழுதியது:

தங்கைதான் 🙂 பரிட்சைக்கு வராது, இருந்தாலும் குறித்துக்கொண்டேன்.

பூச்சிப்பிரிவு_ஓய்வு எழுதியது:

கால்வாயை மட்டும் பார்த்தால் போதாது அம்மா. கே.டி.ஆர். இல்லாமலே சாகாத கொசு நிறைய உண்டு. மருந்தை உடம்புக்குள்ளேயே உடைத்துவிடும். அதனால்தான் இப்போது வலையில் பைரித்ராய்டோடு பி.பி.ஓ. என்ற இன்னொரு பொருளையும் சேர்க்கிறார்கள். அது உடைக்கும் நொதிகளைக் கட்டிப்போடும். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த வலைகளைப் பரிந்துரைக்க ஆரம்பித்தது.

ஈக்கூடம் எழுதியது:

ஐயா சொல்வது சரி. சொல்லப்போனால் பழ ஈ டி.டி.டி.யைத் தாங்கியதில் பெரிய பங்கு அந்த நொதிகளுக்குத்தான். சிப்6ஜி1 என்ற மரபணு. 2002-ல் வெளியான ஆய்வு: உலகின் பல மூலைகளிலிருந்து எடுத்த எதிர்ப்பு ஈக்களில் அந்த மரபணுவின் வாசலில் ஒரே இடத்தில் அக்கார்டு என்ற தாவும் டி.என்.ஏ. துண்டு வந்து உட்கார்ந்திருந்தது. அது உட்கார்ந்ததால் மரபணு அதிகமாக வேலை செய்து, நொதி அதிகமாகச் சுரக்கிறது. அதாவது ஒரே ஓர் ஈயில் நடந்த விபத்து, அதன் சந்ததி வழியே உலகம் சுற்றியது. பிறகு 2010-ல் இன்னும் கூர்ந்து பார்த்தபோது அந்த மரபணு இரட்டித்திருந்தது, மேலும் இரண்டு தாவும் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன. அதில் ஒன்றின் பெயர் பி துண்டு. அதைப் பிறகு பேசுவோம், அது தனி ரகளை.

யாழ்_நுளம்பு எழுதியது:

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லவேணும். இலங்கையில் 1963-ம் ஆண்டு மலேரியா நோயாளிகள் மொத்தம் 17 பேர் மட்டும். டி.டி.டி. அடித்த வெற்றி. பிறகு தெளிப்பதை நிறுத்தினார்கள். 1960-களின் கடைசியில் 5 இலட்சத்துக்கு மேல் நோயாளிகள். இதை "நுளம்பு டி.டி.டி.க்கு எதிர்ப்புப் பெற்றதால் வந்தது" என்று நிறையப் பேர் எழுதுவார்கள். முதற் காரணம் தெளிப்பு நின்றதும் கண்காணிப்புத் தளர்ந்ததும்தான். எதிர்ப்பு பிறகு வந்து சேர்ந்தது, அதனால் 1977-ல் மாலத்தியானுக்கு மாறினார்கள்.

2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. அதே ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் அனாபிலிஸ் ஸ்டெபன்சி பிடிபட்டது. மேலே ஐயா சொன்ன அதே சென்னைக் கிணற்று நுளம்பு. இலங்கையில் அதுவரை காணாத இனம். ஆப்பிரிக்காவில் அது 2012-ல் சிபூட்டியில் முதலில் தென்பட்டு, பிறகு எத்தியோப்பியாவுக்குப் போயிற்று. 2022-ல் டிரே தாவா நகரில் வறண்ட காலத்திலும் மலேரியா பரவியதற்கு அதுதான் காரணம் என்று காட்டினார்கள். கிராமத்து நோய் நகரத்துக்கு வருகுது.

கல்லணைக்காரன் எழுதியது:

வரலாற்றுக்காரனுக்கு இப்போதுதான் பிடிபடுகிறது. எனக்கு ஒரு கேள்வி. எங்கள் ஊர்க் கொசுவின் எதிர்ப்பு எங்கள் ஊரிலேயே பிறந்ததா, வெளியிலிருந்து வந்திறங்கியதா?

ஈக்கூடம் எழுதியது:

இரண்டும் நடக்கும் சார். உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று மரபணுவைப் படித்தால்தான் சொல்ல முடியும். ஆனால் வந்திறங்கியதற்கு அருமையான உதாரணம் சாக்கடைக் கொசுதான்.

கரிமப் பாஸ்பரஸ் மருந்துகளை எஸ்டரேஸ் என்ற நொதி பிடித்து வைத்துக்கொள்ளும். கியூலெக்ஸில் அந்த மரபணு பல படிகளாகப் பெருகி, நொதி ஏராளமாக உருவாகிறது. 1991-ல் மிஷேல் ரேமோன் குழுவினர் ஆப்பிரிக்கா, ஆசியா, வட அமெரிக்கா மூன்றிலிருந்தும் கொசுக்களை எடுத்து, அந்த மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். கண்டம் விட்டுக் கண்டம் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தது. ஒருமுறை தோன்றி, பயணம் செய்து உலகத்தைப் பிடித்திருக்கிறது. கப்பலும் விமானமும் நமக்கு மட்டும் ஓடவில்லை.

அதே குழுவினரின் ஊரான பிரான்ஸின் மொன்பெலியே பகுதியில் இன்னொன்றையும் பார்த்தார்கள். கடற்கரையை ஒட்டிச் சுமார் 20 கிலோமீட்டர் அகலத்துக்கு மருந்து அடிப்பார்கள். அங்கே எதிர்ப்பு மரபணு அதிகம். உள்நாட்டுப் பக்கம் போகப் போகக் குறையும். கொசு தாராளமாக அந்தப் பக்கம் பறக்கிறது, இருந்தும் ஏன் குறைகிறது? மருந்து இல்லாத இடத்தில் அந்த மரபணு ஒரு பாரம். குறிப்பாக ஏஸ்-1 என்ற மரபணுவின் எதிர்ப்பு வகை, நரம்புக்கு அவசியமான நொதியின் வேலைத் திறனையே பாதிக்கு மேல் குறைத்துவிடுகிறது. குளிர்காலத்தைத் தாண்டுவதே அந்தக் கொசுவுக்குக் கஷ்டம். அதனால் மருந்தை நிறுத்தினால், அல்லது வேறு வகைக்கு மாற்றினால், எதிர்ப்பு தானாகக் குறைய வாய்ப்பு உண்டு. மருந்தைச் சுழற்சி முறையில் மாற்றச் சொல்வதன் அடிப்படை இதுதான்.

ஆனால் கொசு அதற்கும் வழி வைத்திருக்கிறது. சில கொசுக்களில் ஏஸ்-1 இரட்டித்து, ஒரு படி சாதாரண வகை, இன்னொரு படி எதிர்ப்பு வகை என்று ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. வேலைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. பாரம் குறைந்துவிட்டது.

முனைவர்_அல்ல எழுதியது:

சரி, விஷக் கதையை வாபஸ் வாங்கச் சொல்லாதீர்கள், கதை நல்ல கதைதான். வேறு இனக் கொசுவோடு கலப்பு நடந்து மரபணு தாவும் என்று எங்கோ படித்தேன். இனம் என்றாலே கலக்காது என்றுதானே பள்ளியில் சொன்னார்கள்?

ஈக்கூடம் எழுதியது:

பள்ளியில் சொன்னது முதல் மதிப்பீடு, அவ்வளவுதான். இங்கே பழ ஈ மறுபடியும் உள்ளே வருகிறது.

1930-களில் தியோடோசியஸ் டாப்ஜான்ஸ்கி கலிபோர்னியா மலைகளில் ட்ரோசோஃபிலா சூடோஅப்ஸ்கியூரா என்ற காட்டு ஈயைப் பிடித்து, அதன் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கும் ராட்சதக் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் சாரைசாரையாகப் பட்டைகள் தெரியும். சில ஈக்களில் ஒரு பகுதி அப்படியே தலைகீழாகத் திரும்பியிருக்கும். 1943-ல் அவர் வெளியிட்டது: ஒரே இடத்தில் இந்த வகைகளின் விகிதம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறது. வசந்தத்தில் ஒன்று குறைந்தால் கோடையில் மறுபடி ஏறும். பரிணாமம் லட்சம் வருஷத்து வேலை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது சில மாதங்களில் கண்ணில் பட்டது.

இத்தாலியின் மாரியோ கொலுட்சி இதே வேலையை மலேரியாக் கொசுவில் செய்தார். வயதுவந்த பெண் கொசுவின் சூலகத்தில், பாதி முட்டை வளர்ந்த பருவத்தில், அதே ராட்சதக் குரோமோசோம் தெரியும். அனாபிலிஸ் காம்பியேயில் இரண்டாம் குரோமோசோமின் இடது கையில் ஒரு பெரிய தலைகீழ்த் திருப்பம் உண்டு. வறண்ட சவானாவில் அது அதிகம், ஈரக் காட்டில் குறைவு. நைஜீரியாவில் அவர் கவனித்தது இன்னும் முக்கியம்: ஒரே ஊரில் வீட்டுக்குள் தங்கும் கொசுவுக்கும் வெளியே தங்கும் கொசுவுக்கும் இந்தத் திருப்பங்களின் விகிதம் வேறாக இருந்தது. வீட்டுச் சுவரில் மருந்து அடித்துவிட்டு எல்லாக் கொசுவும் சமமாகச் சாகும் என்று கணக்குப் போட்டால் எங்கே போய் முடியும்? அவர் நினைவாக 2013-ல் ஓர் இனத்துக்கு அனாபிலிஸ் கொலுட்சி என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. 2015-ல் காம்பியேயும் அதன் நெருங்கிய உறவுகளும் சேர்ந்த கூட்டத்தின் ஆறு இனங்களின் முழு மரபணுத் தொகையை ஒப்பிட்டார்கள். எக்ஸ் குரோமோசோம் ஒரு வம்ச மரத்தைக் காட்டியது. மற்ற குரோமோசோம்களின் பெரும்பகுதி வேறொரு மரத்தைக் காட்டியது. பழங்காலத்தில் அரேபியென்சிஸ் இனத்துக்கும் காம்பியே-கொலுட்சி முன்னோருக்கும் இடையே மரபணு தாராளமாகக் கைமாறியிருக்கிறது. பழங்காலம் மட்டுமல்ல. மாலியில் மருந்து ஏற்றிய வலைகள் பெருமளவு வந்த சமயத்தில், காம்பியேயின் கே.டி.ஆர். இருந்த குரோமோசோம் துண்டு கொலுட்சி இனத்துக்குள் புகுந்து வேகமாகப் பரவியது. சாதாரணமாகக் கலப்புக் கொசு தேறுவதில்லை. எல்லோர் படுக்கையிலும் மருந்து வலை தொங்கும்போது, தேறாத கலப்பும் தேறிவிடுகிறது.

ஆதாரம்_எங்கே எழுதியது:

எல்லாம் சுவாரசியமாக இருக்கிறது. ஆனால் இந்த அறிவைக் காட்டி அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "ஆய்வகக் கொசுவைத் திறந்துவிடுகிறோம், நம்புங்கள்." புதுச்சேரியில் பாக்டீரியா ஏற்றிய கொசு தயார் என்று 2022-ல் செய்தி வந்தது. இந்தியாவில் இதற்கு முன்கதை உண்டு, மறக்கவேண்டாம். 1970-களில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சேர்ந்து டெல்லியில் கொசு மரபியல் கட்டுப்பாட்டுப் பிரிவு நடத்தின, அமெரிக்கப் பணத்தில். உயிரியல் போருக்கான ஆய்வு, மஞ்சள் காய்ச்சல் தொடர்பு என்று பத்திரிகைகளில் வந்து, நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரை போனது. 1975-ல் சோனிபட்டில் ஏடிஸ் ஆண் கொசுக்களை விடப்போகும் தறுவாயில் அரசே நிறுத்தியது. அப்போதும் விஞ்ஞானிகள் "பாதுகாப்பானது" என்றுதான் சொன்னார்கள்.

பூச்சிப்பிரிவு_ஓய்வு எழுதியது:

உயிரியல் போர் என்ற குற்றச்சாட்டை நான் நம்பவில்லை தம்பி. ஆனால் சுற்றுவட்டார மக்களிடம் முன்கூட்டியே ஒழுங்காகப் பேசவில்லை என்ற உங்கள் வருத்தத்தில் பங்கு எனக்கும் உண்டு. களத்தில் நின்று திட்டு வாங்குவது விஞ்ஞானி இல்லை, மருந்துத் தெளிப்பவன்.

ஈக்கூடம் எழுதியது:

ஆதாரம்_எங்கே, சந்தேகப்படுவது உங்கள் உரிமை. ஆனால் இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் பிரித்துப் பேசுவோம்.

முதலாவது வோல்பாக்கியா. புதுச்சேரி வி.சி.ஆர்.சி. (நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம்) நிறுவனம் உருவாக்கியது இதைத்தான். இது மரபணு மாற்றிய கொசு இல்லை. வோல்பாக்கியா பூச்சிகளின் உயிரணுவுக்குள் வாழும் பாக்டீரியா, 1924-ல் கியூலெக்ஸ் கொசுவில் முதலில் பார்த்தார்கள். உங்களை ராத்திரி கடிக்கும் சாக்கடைக் கொசுவிடம் அது இயற்கையாகவே இருக்கிறது. டெங்குக் கொசுவிடம்தான் இல்லை.

அதன் தந்திரம்: பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பாக்டீரியா உள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும், பிள்ளைகளுக்கும் பாக்டீரியா போகும். அதனால் அது தானாகப் பரவுகிறது. 1980-களில் கலிபோர்னியாவில் ட்ரோசோஃபிலா சிமுலன்ஸ் ஈக்கூட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் அது வடக்கே ஏறியதை மைக்கேல் டுரெல்லியும் ஆரி ஹாஃப்மனும் அளந்தார்கள். ஒரு வரம்புக்கு மேல் எண்ணிக்கை போனால்தான் அது நிலைக்கும், கீழே இருந்தால் கரைந்துவிடும் என்ற கணக்கும் ஈயிலிருந்து வந்தது. 2008-ல் பழ ஈயில் அதே பாக்டீரியா வைரஸ்களைத் தடுக்கிறது என்று தெரிந்தது. பழ ஈயின் அந்த வோல்பாக்கியா வகையை நுண்ணூசியால் ஏடிஸ் முட்டைக்குள் செலுத்தி, 2011-ல் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் பக்கம் விட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் சில வட்டாரங்களில் விட்டு, சில வட்டாரங்களில் விடாமல் ஒப்பிட்ட சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது, 2021-ல் வெளியானது. மக்களிடம் ஒப்புதல் கேட்காமல் செய்யக்கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் இந்த எண்ணை ஒதுக்கிவிட்டுப் பேசமுடியாது.

இரண்டாவது ஜீன் டிரைவ், அதாவது பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் போகும்படி கட்டிய மரபணு. அதில் உங்கள் சந்தேகத்துக்கு இன்னும் வலுவான காரணம் உண்டு.

வெண்ணிலா_பயோ எழுதியது:

அக்கா, பி துண்டு பாக்கி இருக்கிறது!

ஈக்கூடம் எழுதியது:

அதற்குத்தான் வந்தேன். சாதாரண மரபணு பிள்ளைகளில் பாதிப் பேருக்குத்தான் போகும். அதற்கு மேல் போகும்படி ஏமாற்றும் மரபணுக்கள் உண்டு. 1950-க்கு முன் பிடித்து ஆய்வகத்தில் வளர்த்துவந்த பழ ஈக்களில் பி துண்டு இல்லை. சில பத்தாண்டுகளில் உலகெங்கும் காட்டு ஈக்களில் அது இருந்தது. ட்ரோசோஃபிலா வில்லிஸ்டோனி என்ற வேறோர் இனத்திலிருந்து தாவி வந்தது. பழைய ஆய்வகப் பெண்ணையும் காட்டு ஆணையும் சேர்த்தால் பிள்ளைகள் மலடாகின. அதைத் தோண்டப்போய்த்தான் பி துண்டு பிடிபட்டது. ஈக்குக் கேடு செய்தபடியே உலகம் முழுதும் பரவ ஒரு துண்டு டி.என்.ஏ.வால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இப்போது ட்ரோசோஃபிலா சிமுலன்ஸிலும் அது புகுந்துவிட்டது.

2003-ல் ஆஸ்டின் பர்ட் என்ற மரபியலாளர் இதே குணத்தை நாமே கட்டலாம் என்று எழுதினார். டி.என்.ஏ.வை வேண்டிய இடத்தில் வெட்டும் கத்தரியான கிரிஸ்பர் வந்ததும் 2015-ல் முதலில் பழ ஈயில், அதே ஆண்டில் ஸ்டெபன்சி கொசுவில் செய்து காட்டினார்கள். காம்பியேயில் முதலில் கட்டிய டிரைவ் கூண்டுக்குள் பரவியது, பிறகு திணறியது. வெட்டுப்பட்ட இடம் எழுத்து மாறி ஒட்டிக்கொண்டால், கத்தரிக்கு அந்த இடம் அடையாளம் தெரியாது. மேலே 1014 பற்றிப் பேசினோமே, அதே கதைதான். மருந்துக்கு எதிர்ப்பு வருவதுபோல டிரைவுக்கும் வரும். 2017-ல் எட்டு ஆப்பிரிக்க நாடுகளின் 765 கொசுக்களைப் படித்தபோது 5 கோடிக்கு மேல் எழுத்து வேறுபாடுகள் கிடைத்தன. எங்கே வெட்டினாலும் ஏதோ ஒரு கொசுவில் அந்த இடம் ஏற்கனவே மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் மாறவே முடியாத இடத்தைத் தேடினார்கள். டபுள்செக்ஸ் என்ற மரபணு, ஈ ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது, பழ ஈயில் 1965-லேயே தெரிந்தது. கொசுவில் அதன் பெண்-வடிவத்துக்கான துண்டு அசையாமல் ஒன்றாக இருக்கிறது. 2018-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆண்ட்ரியா கிரிசாந்தி குழு அதை வெட்டும் டிரைவைக் கூண்டில் விட்டது. இரு படியும் கெட்ட பெண்கள் மலடு, கடிக்கவும் முடியாது. ஆண்களுக்கு ஒன்றும் ஆகாமல் பரப்பிக்கொண்டிருந்தன. இரண்டு கூண்டுகள், 7 தலைமுறையில் ஒன்று, 11-ல் இன்னொன்று, பூண்டோடு போயின.

ஆதாரம்_எங்கே எழுதியது:

கூண்டு வேறு, கண்டம் வேறு. திரும்பக் கூப்பிட முடியாத ஒன்றுக்கு யார் ஒப்புதல் கொடுப்பது? ஒரு ஊரா, ஒரு நாடா? கொசுவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. புர்கினா ஃபாசோவில் என்ன ஆனது?

ஈக்கூடம் எழுதியது:

அங்கே பானா கிராமத்தில் 2019-ல் விட்டவை டிரைவ் இல்லாத மலட்டு ஆண் கொசுக்கள், முதற்படிச் சோதனை. 2025 ஆகஸ்டில் அந்த நாட்டு அரசு திட்டத்தையே நிறுத்தியது. டிரைவ் உள்ள கொசுவை எந்தக் காட்டிலும் இதுவரை விட்டதில்லை. உங்கள் ஒப்புதல் கேள்விக்கு மரபியலில் பதில் கிடையாது, அதை ஒத்துக்கொள்கிறேன். மாலியில் காம்பியேயிலிருந்து கொலுட்சிக்குள் கே.டி.ஆர். போனதே, டிரைவும் அப்படி அடுத்த இனத்துக்குத் தாவும் என்பதையும் கணக்கில் வைக்கவேண்டும். ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் அதே தட்டில் வைத்து எடைபோடுங்கள். ஆப்பிரிக்காவில் மலேரியாவில் சாவது பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

யாழ்_நுளம்பு எழுதியது:

வோல்பாக்கியாவுக்கும் டெங்கு வைரஸ் எதிர்ப்புப் பெறாதா? மருந்துக்கு நடந்தது அதற்கும் நடக்கும்தானே?

ஈக்கூடம் எழுதியது:

நடக்கலாம். இதில் மூன்று பேர் பரிணமிக்கிறார்கள்: வைரஸ், பாக்டீரியா, கொசு. கெய்ர்ன்ஸில் ஆண்டுகள் கழிந்தும் பாக்டீரியா நிலைத்திருக்கிறது, தடுப்பும் தொடர்கிறது. இப்போதைக்குப் பெரிய தலைவலி வெயில். பழ ஈயிலிருந்து எடுத்த வகை, கொசுப்புழு வளரும் தண்ணீர் ரொம்பச் சூடானால் குறைந்துபோகிறது. அதனால்தான் மலேசியாவில் ஆசியப் புலிக்கொசுவிலிருந்து எடுத்த, வெப்பத்தைக் கூடத் தாங்கும் வேறு வகையைப் பயன்படுத்தினார்கள். புதுச்சேரியில் இரண்டு வகையையும் தயார் செய்தார்கள். மே மாதத்து மொட்டைமாடி டிரம் தண்ணீரை யோசித்தால் எனக்கு இரண்டாவது வகை மேல்தான் நம்பிக்கை.

பூச்சிப்பிரிவு_ஓய்வு எழுதியது:

அந்த டிரம்மை மூடி வையுங்கள் என்று முப்பது வருஷமாகச் சொல்கிறேன். கல்லணைக்காரன் சார், உங்கள் தெருவில் சாக்கடை ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா? புழுவைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். தலைகீழாகத் தொங்கினால் கியூலெக்ஸோ ஏடிஸோ, தண்ணீர் மட்டத்துக்கு இணையாகக் கிடந்தால் அனாபிலிஸ். அதைப் பார்த்துவிட்டு எந்த மருந்து என்று பேசலாம்.